கன்னியா வெந்நீர் பிறந்த கதை

தாய் இறந்த செய்தியை இராவணனுக்குச் சொன்னவர் விஷ்ணு. திருகோணமலைப் பக்கத்தில் வழங்கும் கதை அப்படித்தான் சொல்கிறது. சிவபக்தையான அந்தத் தாய் முதுமையில் தளர்ந்து, கோணமலைக்குப் போய்க் கும்பிட முடியாமல் கிடந்தாள். அம்மாவால் மலைக்குப் போக முடியாவிட்டால் மலையை அம்மாவிடம் கொண்டுவருவேன் என்று மகன் புறப்பட்டான். வாளை ஓங்கிப் பாறையை வெட்டினான். சிவன் கால்விரலை ஊன்ற, மலை அவன்மேல் இறங்கியது. மகன் செத்தான் என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அந்தச் சொல்லோடு தாயின் உயிர் போயிற்று. மகன் சாகவில்லை. தன் தலைகளில் ஒன்றைக் கொய்து, நரம்பை உருவி வீணை கட்டி, பாடிப் பாடிச் சிவனை இளக வைத்து, கேட்டதைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறான். வழியில் ஒரு முதிய அந்தணர் எதிர்ப்படுகிறார். அவர் விஷ்ணு. உன் தாய் போய்விட்டாள், அவளுக்குரிய கடனைச் செய்ய வா என்று அவனை அழைத்துக்கொண்டு கன்னியாவுக்கு வருகிறார். கையிலிருந்த தடியால் நிலத்தில் ஏழு இடத்தில் ஊன்றுகிறார். ஏழு இடத்திலும் வெந்நீர் பொங்குகிறது. அந்த நீரில் இராவணன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்கிறான். முடிந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தணரைக் காணவில்லை.

தடியை ஊன்றியவர் விஷ்ணு அல்ல, இராவணனே தன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டில் எது மூத்தது என்று கேட்பதில் பயன் இல்லை. எனக்கு முதலாவதுதான் மனதுக்கு நெருக்கம். பின்னர் இராமனாகப் பிறந்து அவனைக் கொல்லப்போகிறவரே, தாயை இழந்தவனுக்குத் தண்ணீர் காட்டிக் கொடுக்கிறார். இதைக் கட்டியவர் யாராக இருந்தாலும் துக்க வீட்டை அறிந்தவர். சாவு வீட்டு வாசலில் பகையை ஒதுக்கிவைப்பது நம் ஊர்களின் வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரரும் அன்று வந்து நிற்பார்.

கன்னியா திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் சுமார் 8 கிலோமீற்றர். குறிஞ்சாக்கேணியிலிருந்து போகிறவர்கள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, சீனக்குடாவைத் தொட்டு, நகரப் பக்கம் ஏறிப் பிறகு மேற்கே திரும்ப வேண்டும். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் துறையில் காத்து நின்று, பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்துதான் எங்கும் போகலாம். அப்படிக் கடந்து போய் வெந்நீரில் குளித்துவிட்டு வருவது எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு பெருநாள் உலாவாக இருந்தது. சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போவார்கள். வாத நோவுக்கு நல்லது என்று வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பார்க்காதவர்கள் மனதில் ஆவி பறக்கும் பெரிய தடாகம் ஒன்றைக் கற்பனை செய்யக்கூடும். அங்கே இருப்பவை சிறு கிணறுகள். ஏழும் அருகருகே, இடுப்பளவுக்கும் குறைவான கட்டுச் சுவர்களோடு, ஒரே வளவுக்குள் இருக்கின்றன. குனிந்து வாளியால் அள்ளலாம். உள்ளே இறங்க முடியாது. அடி வரை தெரியும் தெளிந்த நீர். இடையிடையே அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடையும். வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: ஒவ்வொரு கிணற்றிலும் கையை நனைத்து, எது அதிகச் சூடு என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். வாதாட இடமும் இருக்கிறது. ஏழிலும் சூடு ஒன்றல்ல. ஒன்றில் தாராளமாகத் தலைக்கு ஊற்றலாம். இன்னொன்றில் முதல் வாளி தோளில் பட்டதும் துள்ளவேண்டி வரும். மொத்தத்தில் நாற்பது பாகை செல்சியஸ் என்ற அளவை ஒட்டி, கொஞ்சம் மேலும் கீழுமாக நிற்கும் நீர் அது.

தரையில் ஓங்கிக் குத்தினால் நீர் வரும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் பரந்து கிடக்கிறது. மூஸா நபி கைத்தடியால் பாறையை அடித்தபோது பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டதைக் குர்ஆன் சொல்கிறது. கிரேக்கர்களின் கடல் தெய்வம் பொசைடன் ஏதென்ஸ் நகரின் குன்றில் சூலத்தால் குத்தி உப்பு நீர் வரவழைத்தான். திருச்செந்தூரில் முருகன் தன் படைவீரர்களின் தாகத்துக்காக வேலை ஊன்றி நாழிக்கிணற்றை உண்டாக்கினான். அலை அடிக்கும் கரையில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள். இராமேசுவரத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் இராமன் வில்லை ஊன்றினான். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணறும் அவன் அம்பு தைத்த இடமாகவே பேசப்படுகிறது. இந்த வரிசையில் விஷ்ணுவின் தடியையும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மற்றவை பெரும்பாலும் தாகத்துக்குப் பிறந்தவை. கன்னியாவில் யாருக்கும் தாகம் இல்லை.

வெந்நீர் ஊற்றுக் கதைகளோடு வைத்துப் பார்த்தாலும் கன்னியா தனித்தே நிற்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஊற்றைக் கண்டெடுத்தவன் தொழுநோய் பிடித்து விரட்டப்பட்ட இளவரசன் பிளாடுட். அவன் மேய்த்த பன்றிகள் அந்தச் சூட்டுச் சேற்றில் புரண்டு தோல்நோய் நீங்கியதைப் பார்த்துத் தானும் இறங்கிக் குணமானான். ஜப்பானின் தோகோ ஊற்றை மனிதர்களுக்குக் காட்டியது கால் ஊனமான ஒரு வெண்கொக்கு. அதுவும் குணமாகிப் பறந்தது. இமாசலப் பிரதேசத்து மணிகரணில் பார்வதியின் காதணி நீரில் விழுந்து பாதாளம் போக, சிவன் சினந்தார், ஆதிசேடன் சீறினான், அந்தச் சீற்றத்தில் நீர் கொதித்தது. அதே மணிகரணுக்குச் சீக்கியர்களிடம் வேறு கதை இருக்கிறது: குரு நானக்கின் தோழர் மர்தானா ஒரு கல்லை நகர்த்தக் கொதிநீர் கிளம்பியது, அதில் ரொட்டி சுட்டுப் பசித்தவர்களுக்குப் பரிமாறினார்கள். பீகாரின் ராஜ்கிரில் இந்துக்களின் பிரம்மகுண்டம் ஒரு பக்கம், சூஃபி ஞானி மக்தூம் ஷர்புத்தீன் பெயரில் முஸ்லிம்களின் மக்தூம் குண்டம் இன்னொரு பக்கம். இவற்றிலெல்லாம் நோய் தீர்கிறது, தெய்வம் சீறுகிறது, சோறு வேகிறது, ஞானி ஒருவர் தவம் இருக்கிறார். பிள்ளை ஒருவன் தாய்க்குக் கொள்ளி வைத்த கையோடு வந்து நிற்பது கன்னியாவில்தான்.

இங்கேதான் இந்தக் கதை எதற்காகப் பிறந்தது என்பது துலங்குகிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் ஏன் சுடுகிறது என்று யாரோ கேட்டதற்குப் பதிலாக இது பிறந்திருந்தால், ஒரு நெருப்போ கோபமோ உள்ளே வந்திருக்கும். இராவணன் கதையில் சூட்டுக்கு ஒரு காரணமும் இல்லை. தடி ஊன்றப்பட்டது, வெந்நீர் வந்தது, அவ்வளவுதான். கதையின் பாரம் முழுக்க அதற்கு அடுத்த அடியில், அந்த நீரில் கடன் கழித்ததில் இருக்கிறது. தங்கள் செத்தவர்களுக்காக அங்கே வந்து நீர் இறைத்த மக்கள்தான் முதலில் இருந்திருக்க வேண்டும். தங்களுக்கு முன் அங்கே வந்து அழுத முதல் ஆள் யார் என்ற தேடலில் அவர்கள் இராவணனைக் கண்டடைந்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் இன்றும் திருகோணமலைத் தமிழ்க் குடும்பங்கள் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கும் ஆடி அமாவாசைக்கும் கன்னியாவுக்கு வருவதைப் பார்க்கும்போது அந்த ஊகம் வலுக்கிறது. யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை எப்படியோ, திருகோணமலையாருக்குக் கன்னியா அப்படி. இலங்கைத் தமிழர் ஆடி அமாவாசையைத் தந்தைக்கும் சித்திரா பௌர்ணமியைத் தாய்க்கும் என்று பிரித்து விரதம் பிடிக்கிறார்கள். தாய்க்கென்று தனியாக ஒரு நாள் வைத்திருக்கும் சமூகம், தாய்க்காகக் கடன் செய்த மகனைத் தன் தலத்தின் முதல் ஆளாக வைத்துக்கொண்டதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இராவணன் இங்கே எப்படி வந்து சேர்ந்தான் என்பதும் சொல்ல வேண்டியதே. வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் அவன் தூக்கப் பார்ப்பது வடக்கே உள்ள கயிலையை. அங்கே அவனைத் தூண்டுவது ஆணவம். தாய் கைகசி வேறு இடத்தில் வருகிறாள், மலை தூக்கும் கதையில் அவளுக்குப் பங்கே இல்லை. கோணமலை தட்சிண கைலாசம் ஆனபோது, கயிலையோடு கயிலையைத் தூக்கியவனும் தெற்கே வந்துவிட்டான். ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தருக்குத் தன் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இராவணனை நெரித்து அருளிய சிவனைப் பாடுவது வழக்கம். ஆக, மலையும் இராவணனும் பக்தியில் முன்பே சேர்ந்துவிட்டார்கள். சேராமல் இருந்தது தாய்தான். அவளைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த மண். ஆணவத்தால் மலையைத் தூக்கியவனுக்கு அம்மாவுக்காகத் தூக்கினான் என்று ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். கம்பனில் பிறன்மனை கவர்ந்து அழிந்தவன், தேவாரத்தில் அடியான் ஆனான், திருகோணமலையில் ஓர் அம்மாவின் பிள்ளை ஆனான். கோணேசர் கோயிலடியில் கடலைப் பார்த்துப் பிளந்து கிடக்கும் பாறையை இன்றும் இராவணன் வெட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். வெட்டையும் வெந்நீரையும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி முஸ்லிம்களான எங்கள் பக்கத்துக் கதை. கன்னியாவில் கிணறுகளுக்குச் சற்றுத் தள்ளி, மேட்டில், இறைநேசரான ஓர் அவுலியாவின் கபுறு இருக்கிறது. வழக்கமான கபுறு இல்லை. ஆளின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு போகும் அடக்கத்தலம். நாற்பது முழம் என்பார்கள் மூத்தவர்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். அதன் வேர் ஹதீஸில் இருக்கிறது. ஆதம் நபி அறுபது முழ உயரத்தில் படைக்கப்பட்டார் என்றும், அவருக்குப் பின் மனிதர் குறைந்துகொண்டே வந்தனர் என்றும் சஹீஹுல் புகாரி சொல்கிறது. ஆதம் இறங்கிய மலை எங்கள் தீவிலேயே இருக்கிறது என்று நம்பி அரபு நாட்டார் கடல் தாண்டி வந்தார்கள். 1344இல் இப்னு பதூதா அந்த மலையில் ஏறி இறங்கினார். இராமேசுவரத்தில் ஆதமின் பிள்ளைகள் ஹாபில், காபில் பேரால் இரண்டு நீளக் கபுறுகள் உண்டு. ஜித்தாவில் ஹவ்வாவினது என்று சொல்லப்பட்ட மிக நீண்ட கபுறு 1928இல் இடிக்கப்படும் வரை பயணிகளை வியக்க வைத்தது. வட இந்தியாவில் ஒன்பது கஜ நீளம் என்று பொருள்படும் 'நௌகஜா பீர்' சியாரங்கள், அதாவது அடக்கத்தலங்கள், பல ஊர்களில் உள்ளன. கன்னியா அவுலியா இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அறுபதுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இங்கே ஏன் நாற்பது? எங்கள் வீடுகளில் மௌத் எனப்படும் சாவுக்குப் பிறகு எண்ணுகிற எண் அது. மூன்றாம் கத்தம், ஏழாம் கத்தம், நாற்பதாம் கத்தம் என்று ஓதி, சோறாக்கிக் கொடுத்து, நாற்பதோடு வீடு மெல்ல மூச்சு விடும். கபுறின் நீளத்தை அளந்தா நாற்பது என்றார்கள், இல்லை துக்கத்தின் நீளத்தையா என்று நான் யோசித்ததுண்டு.

ஒரே தண்ணீர். இரண்டு சமூகம். ஒரு பக்கம் பத்துத் தலை உள்ளவன், மறுபக்கம் நாற்பது முழம் நீண்டவர். இரண்டு கதையிலும் சாதாரண மனித அளவை மீறிய ஓர் உருவம் வருகிறது. அந்த உருவம் வருவது ஒரு சாவோடு. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஒருவர் கதையை மற்றவர் எடுத்தாளவில்லை, ஆனாலும் இருவரும் அங்கே மரணத்தைத்தான் வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீடுகளில் மௌத் என்றால் ஜனாசாவைக் குளிப்பாட்ட முதலில் தண்ணீர் சூடாக வேண்டும். இலந்தை இலை தேடி ஒருவர் ஓடுவார், கற்பூரம் தேடி ஒருவர் ஓடுவார், அதற்குள் அடுப்பில் பெரிய பானை ஏறிவிடும். இந்து வீட்டிலும் பிரேதத்தைக் குளிப்பாட்டாமல் எடுப்பதில்லை, எடுத்துவிட்டு வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. அடுப்பு மூட்டாமல், யாரும் காய்ச்சாமல், காட்டு நடுவே வெதுவெதுப்பாக ஊறிக்கொண்டே இருக்கும் நீரைக் கண்டவர்களுக்கு அது யாருக்காகக் காய்ச்சி வைக்கப்பட்டது என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்கும்.

சூட்டுக்கான காரணத்தை நிலவியல் சொல்கிறது. இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனால் வெந்நீர் ஊற்றுகள் பல உண்டு: மகாஓயா, நெலும்வெவ, தெற்கே மகாபெலஸ்ஸ, எங்கள் மாவட்டத்திலேயே கோமரங்கடவல பக்கத்தில் ரங்கிரிய. வரைபடத்தில் அவற்றைக் குறித்துப் பார்த்தால் பெரும்பாலானவை, தீவின் நடுவே ஓடும் உயர்நிலப் பாறைத்தொகுதியும் கிழக்கே உள்ள விஜயன் பாறைத்தொகுதியும் முட்டிக்கொள்ளும் எல்லையை ஒட்டியே விழுகின்றன. பல கோடி ஆண்டுகள் மூத்த பாறைகள் முட்டிய இடத்தில் ஆழமான வெடிப்புகள். மழைநீர் அவற்றின் வழியே கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் போனால் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பு வழியே மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடும். மகாஓயாவும் நெலும்வெவவும் கன்னியாவைவிட மிகச் சூடு. அங்கே வாளியைத் தலையில் கவிழ்த்தால் வெந்துபோகும். கன்னியா குளிக்கும் சூட்டில் நிற்பதால்தான் கிரியைக்கும் ஆயிற்று, கதைக்கும் ஆயிற்று.

இந்த ஊற்றில் பிறந்த இன்னொன்றும் உண்டு, அதைத் தமிழ்நாட்டார் பலர் அறியமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் திருகோணமலைப் பகுதியில் சேகரித்த மீன்கள் பாரிசுக்குப் போயின. இயற்கையியலாளர்கள் குவியேவும் வலென்சியனும் எழுதிய மீன்களின் பெருநூலில், கன்னியா வெந்நீரில் பிடித்தவை என்று சில மீன்கள் பதிவாயின. வெந்நீரில் கிடைத்ததால் 1842இலும் 1846இலும் வலென்சியன் அவற்றுக்குத் 'தெர்மோய்க்கோஸ்', 'தெர்மாலிஸ்' என்று வெப்பத்தைக் குறிக்கும் பெயர் வைத்தார். 1846இல் பெயர் பெற்ற மீனை இன்று அறிவியல் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்கிறது. அது வேறு எதுவும் இல்லை, நம் அயிரை. மதுரைக் கடைகளில் குழம்பாகக் கொதிக்கும் அந்தச் சிறு மீன், குளிர்ந்த வாய்க்கால்களிலும் குளங்களிலும் மணலுக்குள் புதைந்து வாழ்வது. உலகத்து ஆய்வகங்களில் எங்கே அதன் பெயரைச் சொன்னாலும் கன்னியாவின் சூடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலனிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டும் இலங்கை பற்றிய தன் நூலில் கன்னியாவின் வெந்நீர் மீன்களைப் பற்றி வியந்து எழுதினார். படித்த வெள்ளையருக்கும் அந்த ஊற்று ஒரு அதிசயப் பிராணியைக் கொடுக்காமல் அனுப்பவில்லை.

கதைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இந்தச் சுற்றுவட்டாரத்தின் பழைய குணம். கன்னியாவுக்கு வடக்கே, பெரியகுளத்தடியில், வெல்கம் விகாரை இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள கல்வெட்டுகள் தமிழில் உள்ளன, பௌத்த பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. கன்னியாவிலும் பழைய பௌத்த கட்டடத்தின் எச்சங்கள் இருப்பதாகத் தொல்பொருள் திணைக்களம் சொல்கிறது. இருக்கலாம். மூன்று வழிபாட்டாரும் ஒரு ஊற்றை நாடி வந்ததில் முரண் ஒன்றும் இல்லை. முரண் வந்தது, ஒரு கதை மற்றக் கதைகளைத் தள்ளிவிட்டு உறுதிப்பத்திரம்போல நீட்டப்பட்டபோது. 2019 ஜூலையில் கிணறுகளுக்கு அருகே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சி எதிர்ப்பைக் கிளப்பி, நீதிமன்றத் தடையில் போய் நின்றது. அதே ஆண்டில்தான் இலங்கை தன் முதல் செய்மதியை 'இராவணா-1' என்ற பெயரில் விண்ணுக்கு அனுப்பியது. வானத்தில் இடம் கிடைத்தவனின் தாய்க்குத் தரையில் இடம் இல்லாமல் போகக்கூடாது என்று அந்த நாட்களில் எனக்கு மிகவும் வலித்தது.

வலி எங்கள் பக்கத்துக்கும் உண்டு. நாற்பது முழ அவுலியாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது கிண்ணியாப் பகுதியில் குறைந்துவிட்டது. சியாரங்களுக்குப் போவது கூடாது என்று கருதுகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுடைய மார்க்க நிலைப்பாட்டோடு எனக்கு வழக்கு இல்லை. போய்க் கும்பிட வேண்டாம், நேர்ச்சை வைக்க வேண்டாம். ஆனால் கன்னியாவில் எங்கள் மூத்தவர்களும் தங்கள் துக்கத்தோடு போய் நின்றார்கள் என்பதற்கு அந்தக் கதைதான் சாட்சி. அதை நாமே மறந்துவிட்டால் நாளைக்கு யாரிடம் போய் என்ன சொல்லப்போகிறோம்? 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணிக் களப்பில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். அந்த நீரைப் பற்றியும் இந்த ஊர் ஒருநாள் தன் கதையைச் சொல்லும். அப்போது அதைச் சொல்கிறவர்களுக்கு முன்னோர் எப்படிச் சொன்னார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், திருகோணமலைப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கன்னியாக் கதையை ஒருமுறை கேட்டு, சொன்னது சொன்னபடி எழுதி வைக்கட்டும். வாளா தடியா, நாற்பது முழமா அறுபதா, தாயின் பெயர் என்ன, எந்தக் கிணற்றில் கடைசி வாளி அள்ளினார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறி வரும். மாறினால் மாறியபடியே எழுதட்டும். அவற்றைத் தொகுத்து அந்தந்த ஊர்ப் பொது நூலகங்களில் வைக்கலாம். ஏழு கிணற்றுக்கும் முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை நிறுத்தி, இராவணனின் தாயையும், நாற்பது முழ அவுலியாவையும், பழைய பள்ளியையும், அயிரை மீனையும் ஒன்றாக எழுதலாம். அதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் சாயமும், மூன்று சமூகத்திலிருந்தும் விஷயம் தெரிந்த சிலர் ஒரு மாலைப்பொழுது சேர்ந்து உட்கார்வதும் போதும்.